எந்தச் சாம்பல்?

கண்ணாடிக்காரருக்குப் பொறுமைசாலி என்று ஊரில் பெயர். தொழில் அப்படி. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. சிலர் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்வார்கள். சிலர் தப்பாகச் சொன்னால் கண்ணே போய்விடும் என்பதுபோல வியர்ப்பார்கள். அவர் திருப்பித் திருப்பிக் கேட்பார். லென்ஸுக்கு லென்ஸ் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஆள் தயங்கி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். அத்தோடு சோதனை முடிந்தது. அதுதான் அந்தக் கண்ணுக்கு உரிய பவர். எழுந்துபோய் விளக்கைப் போடுவார்.

ஆகவே ஒரு மாலை அவருடைய மனைவி, வெள்ளைப் பூச்சு மட்டும் இருந்த முன்னறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாம்பல்நிறச் சதுரங்களைப் பூசிவிட்டு, கையில் பிரஷ்ஷோடு "எது?" என்று கேட்டபோது, அவர் எழுந்து வந்து நன்றாகப் பார்த்து, தொழில் மரியாதை குறையாமல், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"ஊர்க் கண்ணுக்கெல்லாம் லைட்டு அடிச்சுப் பார்க்கிறீங்க. வீட்டுச் சுவரு தெரியலையா?"

"தெரியுதே. ரெண்டு சாம்பல் தெரியுது."

"ரெண்டுன்னும் சொல்றீங்க, ஒண்ணுன்னும் சொல்றீங்க. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க."

அவள் பேருந்து ஓட்டுநர். நகரத்தின் முதல் வண்டியைப் பல வருஷமாக அவள்தான் எடுத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுத்தாத் தெரியும். ரோடும் சாம்பலு, வானமும் சாம்பலு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஓட்டினா பஸ் நேரா மேல போயிடும், டிக்கெட் எடுத்தவங்களோட." பிரஷ்ஷின் காம்பால் வாசல் பக்கத்துச் சதுரத்தைத் தட்டினாள். "இது ரோடு." ஜன்னல் பக்கத்துச் சதுரத்தைத் தட்டினாள். "இது வானம். நாள் பூரா ரோட்டைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தும் அதையேவா பார்ப்பேன்? ஜன்னல் பக்கத்துதுதான். ஞாயித்துக்கிழமை பூசிடலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் மருத்துவமனைக்குப் போனாள். தன் காலால் நடந்துதான் போனாள். திரும்பி வந்தது மூடி போட்ட ஒரு பீங்கான் ஜாடி. அதை அவர் முன்னறை அலமாரியில் அவளுடைய ஓட்டுநர் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். சுவரில் சதுரங்கள் அப்படியே இருந்தன. ஜன்னல் பக்கத்துச் சதுரத்தின் கீழ் மூலையில், அவள் பிரஷ்ஷைத் திருப்பி இழுத்த இடத்தில், பெயிண்ட் தடித்துப் பிறைபோல வளைந்திருந்தது. கடைக்குக் கிளம்பும்போது அதை விரலால் ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அறை முழுவதையும் அந்த நிறத்தில் பூசிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. பூசாமல் இருந்ததற்குக் காரணம், அந்த நிறத்தின் பெயர் அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நிறத் துறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் போகிறவர் கண்ணில் ஜன்னல் வழியாகப் படக்கூடிய எந்தச் சுவரும் அந்த நகரத்தில் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் என்பதைத் துறை தன் முதல் அறிக்கையில் விரிவாக விளக்கியிருந்தது. அறிக்கை சாம்பல் தாளில் சாம்பல் மையால் அச்சிடப்பட்டதால் யாரும் படிக்கவில்லை. பூசுவதற்குத் தயாரான வெள்ளைப் பூச்சை மட்டும் துறை நிறமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட சாம்பல்கள் இரண்டு: பொதுச் சாம்பல், நடுச் சாம்பல். ஒரு வீட்டுக்கு ஒரு சாம்பல். எது வேண்டுமென்று பெயரைச் சொல்லித் துறையிடம் அனுமதி பெற்றால்தான் கடையில் டப்பா கிடைக்கும். மாதிரிக்கு மட்டும் இரண்டையும் சின்னப் பொட்டலமாக, பெயர் போடாமல் கொடுப்பார்கள். பெயர் போட்டால் மக்கள் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்பது துறையின் கவலை.

ஒரு திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். இடுப்பில் ஓர் அட்டைக் குழல் தொங்கியது. அதை ஒரு கண்ணில் வைத்து, மறு கண்ணை மூடி, சுவரைச் சற்று நேரம் பார்த்தார்.

"இந்த வீட்ல ரெண்டு சாம்பல் இருக்கு."

கண்ணாடிக்காரர் சட்டென்று அவர் அருகே வந்தார். சந்தோஷத்தில்தான். "உங்களுக்கு வித்தியாசம் தெரியுதா சார்?"

"நடுவுல கோடு தெரியுது. கோடு இருந்தா ரெண்டு."

"ஜன்னல் பக்கத்துது எந்தச் சாம்பல்னு மட்டும் சொன்னீங்கன்னா, நான் வீடு பூரா அதையே பூசிடுவேன்."

"அது தெரிஞ்சா நான் ஏன் வெயில்ல அலையறேன்? மேல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பேன்." ஆய்வாளர் குழலை இடுப்பில் மாட்டினார். "நான் நிறத்தைப் பார்க்கிறதில்ல. மீறலைப் பார்க்கிறவன். வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு ஒரே சாம்பலா இருக்கணும். இல்லேன்னா துறையே ஆள் அனுப்பி மொத்தச் சுவரையும் பூசிடும்."

"எந்தச் சாம்பலை?"

"கையில இருக்கிற சாம்பலை."

மாடி வீட்டில் இருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, விஷயம் கேள்விப்பட்டுக் கீழே இறங்கி வந்தான். சதுரங்களின் முன்னால் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"அத்தான், பொதுவோ நடுவோ, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. இதைப் போய் யார் கண்டுபிடிக்கப் போறா?"

"உங்க அக்கா."

மைத்துனன் அலமாரியைப் பார்த்தான். பிறகு, "ஆமா, அவ கண்டுபிடிச்சிருவா" என்று ஒப்புக்கொண்டு மாடிக்குப் போனான்.

புதன்கிழமை கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுத் துறைக்குப் போனார். அந்த வருஷம்தான் நகர நிர்வாகம் சிக்கனம் கருதி, பெயரில் சாம்பல் வருகிற எல்லாப் பணிகளையும் ஒரே சாளரத்தின் கீழ் கொண்டுவந்திருந்தது. சுவர்ச் சாம்பலும் அங்கேதான், சுடுகாட்டுச் சாம்பலும் அங்கேதான். இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்திருந்தது. சாளரத்துக்கு மேலே அதை மாட்டியிருந்தார்கள். கேடயம் பளபளவென்று இருந்ததால் யாரோ ஓர் ஆய்வாளர் ஆட்சேபிக்க, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. சாளரத்துக்கு உள்ளே இருந்த எழுத்தர் தட்டச்சு இயந்திரத்திலிருந்து நிமிரவில்லை.

"சாம்பல் விஷயமா வந்திருக்கேன்."

"யாரோடது?"

"என் மனைவியோடது."

"இருக்காங்களா?"

"இல்ல."

"என்ன செய்யணும்?"

"சுவர்ல பூசணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

எழுத்தரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தட்டின. "எங்க பூசணும்?"

"முன்னறை பூரா."

எழுத்தர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, மனிதனுக்கு மனிதன் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "பத்துமா சார்?"

"ரெண்டு கை பூசினாப் பத்தும்."

எழுத்தர் அவசரமாக எழுந்தார். உள்ளே ஒரு மணியை அடித்தார். அடுத்த நாள் காலையிலேயே விசாரணை என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பொருள்: மனைவியின் அஸ்தியை வீட்டுச் சுவரில் பூச அனுமதி கோருதல். அவசரம்.

வராந்தாவில் நின்று அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்காரர் மறுபடி சாளரத்துக்கு ஓடினார்.

"சார், தப்பாப் போட்டிருக்கீங்க. நான் கேட்டது பெயிண்டு."

"சாம்பல்னுதானே சொன்னீங்க?"

"சாம்பல் நிறம்."

"நிறம்னு நீங்க சொல்லவே இல்லையே. திருத்தம்னா செவ்வாய்க்கிழமை மட்டும்தான்."

"வெள்ளிக்கிழமையே வந்து பூசிடுவாங்களே."

எழுத்தர் சாளரத்தின் வழியாக முகத்தை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. "நான் சொல்றதைக் கேளுங்க. நிறப் பிரிவுல போட்டிருந்தா உங்க முறை வர்றதுக்குள்ள சுவரே விழுந்திடும். செத்தவங்க பிரிவுனா நாளைக்கே தலைவர் முன்னாடி உக்காரலாம். உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். அப்படியே போங்க. வரும்போது மாதிரி மட்டும் கொண்டாங்க. ஒரு கரண்டி போதும்."

அன்று மாலை மைத்துனன் ஜாடியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தான்.

"எங்க அக்காவை ஒரு கரண்டி எடுத்து அவனுங்க மேஜையில வெக்கிறதா?"

"வெக்கப் போறதில்ல."

"அப்ப நாளைக்கு என்னத்தைக் கொண்டுபோவீங்க?"

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த உப்புத்தாளைப் பையிலிருந்து எடுத்தார். லென்ஸின் ஓரம் தேய்க்கிற நைசான தாள். நாற்காலியைச் சுவரருகே போட்டு ஏறி, ஜன்னல் பக்கத்துச் சதுரத்தின் மேல்விளிம்பை மெல்லத் தேய்த்தார். கீழ் மூலைப் பக்கம் போகவே இல்லை. மைத்துனன் ஒரு காகிதத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தான். பொடி விழுந்தது.

"வெளுப்பா இருக்கே அத்தான்."

"அடியில இருக்கிற வெள்ளைப் பூச்சும் சேர்ந்து வருது. வேற வழியில்ல."

"கேட்டா?"

"கேட்டா என்ன. இது அவ கையால வந்த சாம்பல்தானே. பொய் இல்ல."

சொல்லிவிட்டாரே தவிர, நாற்காலியைவிட்டு இறங்கியதும் ஜாடி இருந்த பக்கம் திரும்பாமல் பொடியைப் பொட்டலமாக மடித்தார்.

வியாழக்கிழமை காலை அவர் அந்தப் பொட்டலத்தை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து எடுத்துப்போனார். விசாரணை அறையில் நீள மேஜை. சுற்றி உறுப்பினர்கள். நடுவில் தலைவர். கூட்டைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்ததும் எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். சுவர்ப் பொடிக்கு முன்னால் ஒரு துறையே மௌனமாக நின்றது. கண்ணாடிக்காரரும் தலை குனிந்தார். அவருக்குக் கண் கலங்கியது. அது மட்டும் எப்படியோ உண்மையாக இருந்தது.

"உங்க மனைவியா?" தலைவர் தணிந்த குரலில் கேட்டார்.

"ஆமா சார்."

"நல்ல நிறம்" என்றார் தலைவர். உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார். அவர் பேசும்போது யாரும் உட்காருவதில்லை என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் உட்கார்ந்து, மறுபடி எழுந்துகொண்டார்.

"நான் இந்தத் துறைக்கு வந்தப்போ ஒரே ஒரு சாம்பல்தான் இருந்தது. அப்போ நமக்கு ஒரு அறை. ஆடுற நாற்காலி. ஒருத்தரும் வரமாட்டாங்க. ஒரே சாம்பலை வெச்சுக்கிட்டு யார் வந்து நம்மகிட்ட என்ன கேட்பாங்க? அப்புறம் ரெண்டாவது சாம்பலைக் கொண்டுவந்தோம். மக்களுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் வரிசை வந்தது. வரிசை வந்ததும் கட்டடம் வந்தது. ரெண்டு சாம்பலுக்கும் என்ன வித்தியாசம்னு சில பேர் கேட்கிறாங்க. பார்த்தாத் தெரியலையேன்னு கேட்கிறாங்க. பார்த்தாத் தெரிஞ்சா அவங்களே பார்த்துக்குவாங்க. அப்புறம் நாம எதுக்கு? கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைத்தான் அரசாங்கம் காப்பாத்தணும். தெரியிறது தன்னைத்தானே காப்பாத்திக்கும்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பொடி கொஞ்சம் பறந்தது.

இரண்டு மாதிரிப் பலகைகள் வந்தன. பொட்டலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தலைவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். அவர் தூரத்தைப் பார்க்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கிறார் என்பது கண்ணாடிக்காரருக்கு உடனே தெரிந்தது. வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது.

"இதுல நல்லா தெரியுதா, இல்ல இதுலயா?"

அந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியை உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களிடம் கேட்பதுதான் வழக்கம். தலைவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. தப்பாகச் சொன்னால் கண் போய்விடும் என்று பயப்படும் ஆட்களைக் கண்ணாடிக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். நாற்காலி போய்விடும் என்று பயப்படும் ஆளை இப்போதுதான் பார்த்தார். தலைவர் வலப்பக்கம் திரும்பினார். வலப்பக்க உறுப்பினர் தன் வலப்பக்கம் திரும்பினார். பார்வை மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தலைவரிடமே வந்து நின்றது. பலகைகளில் எது பொது, எது நடு என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை என்பது அந்த ஒரு சுற்றில் தெளிவாகிவிட்டது. இனி ரெண்டும் ஒண்ணுதான் என்று தலைவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கட்டடம் இடிந்துவிடும்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"இது ரெண்டும் இல்ல. மூணாவது."

மேஜையைச் சுற்றிலும் மூச்சு வெளியே வந்தது. "மூணாவது" என்றார் ஒருவர். "மூணாவது சாம்பல்னா மூணாவது மாடி" என்றார் இன்னொருவர், தன்னை மறந்து.

அங்கேயே தீர்மானம் ஆனது. பொடியைப் பார்த்து அதே நிறத்தில் பெயிண்ட் தயாரிக்க உத்தரவு போனது. புதிய நிறத்துக்கு இல்லத்தரசிச் சாம்பல் என்று பெயர் வைத்தார்கள்.

"அவ பஸ் ஓட்டினா சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

"வீட்டுக்குள்ளயா?"

"இல்ல, ரோட்டுல."

"நாம பேசறது வீட்டுச் சுவரைப் பத்தி" என்றார் தலைவர் கனிவோடு. "முதல் டப்பா உங்க வீட்டுக்குத்தான். துறை சார்பா ஆழ்ந்த அனுதாபமும்."

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். கூடவே பெயிண்டர் ஒருவர், டப்பாவும் ரோலருமாக. கண்ணாடிக்காரர் கடை திறக்கவில்லை. இரவெல்லாம் ஒரு நம்பிக்கை அவரை வளைய வந்துகொண்டிருந்தது. குழப்பம் குழப்பமாகவே போய் எப்படியோ நல்லதில் முடிந்துவிட்டதோ, அவளுடைய வானம்தான் டப்பாவில் வந்திறங்கியிருக்கிறதோ என்று. பெயிண்டர் மூடியை நெம்பித் திறந்து, கலக்கி, வாசல் ஓரமாக ஒரு பட்டை இழுத்தார்.

"காயட்டும்" என்றார் கண்ணாடிக்காரர். "காய்ஞ்சாத்தான் தெரியும்."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூவரும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். மினுமினுப்பு மெல்ல அடங்கியது.

அது வானம் இல்லை. ரோடுகூட இல்லை. அது உப்புத்தாள் தேய்த்த சுவர்; வெள்ளைப் பூச்சு கலந்து வெளிறிப்போன ஒன்று. அந்த வெளிறல் பக்கத்தில் வந்து நின்றதும், இத்தனை மாதமாக அவர் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்த இரண்டு சதுரங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. வாசல் பக்கத்துச் சதுரத்தில் மண்ணின் பழுப்பு ஒரு துளி இருந்தது. ஜன்னல் பக்கத்துச் சதுரத்துக்குள் எங்கோ ஆழத்தில், சொல்லப்போனால் நிறமே இல்லாத ஒரு நீலம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும் என்பதுபோல. அவர் சுற்றிலும் பார்த்தார். சொல்வதற்கு ஆள் இல்லை.

பெயிண்டர் ரோலரை நனைத்துக்கொண்டு சதுரங்களை நோக்கி நகர்ந்தார். வாசல் பக்கத்துச் சதுரம் ஒரே இழுப்பில் மறைந்தது.

"நில்லுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

ரோலரிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"என்ன?" என்றார் ஆய்வாளர்.

"ஜன்னல் பக்கத்துல இருக்கிறதும் இல்லத்தரசிச் சாம்பல்தான் சார். என் இல்லத்தரசி பூசினது. அதுமேலயே மறுபடி அதையே பூசினா பெயிண்டுக்குக் கேடு."

ஆய்வாளர் குழலை எடுத்துக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். வேறு நிறம் என்று சொன்னால் எந்த நிறம் என்று சொல்ல வேண்டும். புதுச் சாம்பல் தவறு என்று தலைவரிடம் போய் நிற்க வேண்டும். ஒரே நிறம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"கோடு இருக்கே" என்றார் கடைசியில், நிம்மதியாக.

"ஓரத்தை ஒட்டிப் பூசிட்டா?" கண்ணாடிக்காரர் பெயிண்டரைப் பார்த்தார்.

"சின்ன பிரஷ் இருக்கு" என்றார் பெயிண்டர். யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் சதுரத்தைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பூசினார். கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிரஷ்ஷின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் மூலைக்கு வந்தபோது பெயிண்டர் கையைச் சற்றுத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு மிச்சச் சுவர் முழுதும் ரோலர் ஓடியது.

ஆய்வாளர் மறுபடி குழலை வைத்தார். கோடு இல்லை. இருந்தாலும் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. குழலை இறக்கினார்.

"நீங்க கண்ணு பார்க்கிறவர். நீங்களே சொல்லுங்க. இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

கண்ணாடிக்காரர் பார்த்தார். தம் வாழ்நாளில் எதையும் அவர் இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

ஆய்வாளர் தலையசைத்துக் குழலை இடுப்பில் மாட்டினார். சோதனை முடிந்தது.

மாலையில் மைத்துனன் இறங்கி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். ஜன்னல் திறந்திருந்தது. சுவர் முழுதும் ஒரே சாம்பலாக இருந்தது.

"விட்டு வெக்கலையா அத்தான்? பூரா பூசிட்டாங்களா? அக்காவுது எங்க?"

கண்ணாடிக்காரர் அவன் கையைப் பிடித்து அழைத்துப்போய், ஆள்காட்டி விரலைச் சுவரில் ஓரிடத்தில் வைத்தார். விரல் தடவியது. நின்றது. தடித்து வளைந்திருந்த அந்தப் பிறையின்மேல் மறுபடி ஊர்ந்தது.

"தெரியுதா?" என்று கேட்டார், கடையில் கேட்பதுபோல.

மைத்துனன் நெடுநேரம் பார்த்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான்.

"இல்ல அத்தான். கையில தட்டுப்படுது. கண்ணுக்கு ஒண்ணாத்தான் இருக்கு."

"பரவாயில்ல" என்றார் கண்ணாடிக்காரர். "ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி வந்து பாரு."